கிளெனிஸ் பர்சலின் ஒற்றைக்கால் தாங்கி

மல்லட் முனையில் கடல்நீர் பொங்கி ஓதம் ஏறுகிற சத்தம் யாருக்கும் கேட்காது. சேறு கொஞ்சம் பளபளக்கும். அப்புறம் இன்னும் கொஞ்சம். நிலம் எங்கே முடிகிறது, கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண் தேடிக்கொண்டிருக்கும்போதே பாதி நிலம் போய்விட்டிருக்கும். அந்த நேரத்தில் அலையாத்திகளுக்கு அப்பால் வானம் மெல்லக் கிழிந்து, பட்டைவால் மூக்கன் என்கிற கரைப்பறவைகள் நூறு நூறாக வந்து கடைசி மணல்திட்டில் இறங்கும். பள்ளிக்கூடப் பேருந்தின் காலை நடைக்கும் பிற்பகல் நடைக்கும் நடுவே கிடைத்த வெற்று நேரத்தில்தான் கிளெனிஸ் பர்சல் முதன்முதலாக அதைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. பேருந்துக் கதவைத் திறந்தே போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி சேற்றுக்குள் நடந்துபோனாள்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அவள் பார்த்த பறவையெல்லாம் தலைகீழாகத் தொங்கியவைதான். கோழித் தொழிற்சாலையில் நகரும் கொக்கியில் கோழி மாட்டுகிற வேலை. நிமிஷத்துக்கு இருபத்திரண்டு கோழி. ஒவ்வொன்றுக்கும் வலது கை தோளுக்கு மேலே போகவேண்டும். ஒருநாள் அந்தக் கை மேலே போக மறுத்துவிட்டது. நிறுவனம் அனுப்பிய மருத்துவர் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, வேலையால் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை, வீட்டில் துணி காயப்போட்டதால்கூட வந்திருக்கலாம் என்று எழுதினார். நிமிஷத்துக்கு இருபத்திரண்டு சட்டை காயப்போடுகிற பெண் இந்த உலகத்தில் எங்கே இருக்கிறாள் என்று கிளெனிஸ் கேட்டாள். நஷ்டஈடு வரவில்லை. அக்கா கூட்டிவந்த போதகர் தோளில் கை வைத்து அரைமணி நேரம் ஜெபித்தார். அவர் கையை எடுத்தார். வலி வைத்த இடத்திலேயே இருந்தது. கிளெனிஸ் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, பேருந்து ஓட்டும் உரிமத்துக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். இடது கையால்தான் எழுதினாள்.

இந்தப் பறவைகளுக்கு அப்படி ஒன்றும் அதிசய சக்தி கிடையாது. தின்று தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, மார்ச் மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் வடக்கே கிளம்பும். ஒரு வாரம் இரவும் பகலும் கீழே இறங்காமல் பறந்து மஞ்சள் கடலுக்குப் போய்ச் சேரும். அற்புதம் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டால் அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லாமல் போய்விடும். கிளெனிஸுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விரிகுடாவின் பறவை எண்ணும் குழுவில் சேர்ந்தாள். அந்த வருஷம் ஆராய்ச்சியாளர்கள் மல்லட் முனையில் வலை போட்டு இருபத்தாறு மூக்கன்களைப் பிடித்து, காலில் பச்சைப் பிளாஸ்டிக் கொடி கட்டி விட்டார்கள். ஒவ்வொரு கொடியிலும் மூன்று ஆங்கில எழுத்து. முதல் இரண்டும் எல்லாவற்றுக்கும் ஏ, கே. மூன்றாவது எழுத்து பறவைக்குப் பறவை மாறும். குழுவில் ஒரே ஒரு சட்டம் உண்டு. படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வைக்கவேண்டும், ஊகித்து எழுதக்கூடாது.

அதன்பிறகு நான்கு கோடை. பூமியின் அந்தத் தென்பாதியில் கோடை டிசம்பரை ஒட்டி வரும், ஜூன் குளிர்காலம். ஒவ்வொரு கோடையிலும் அதே திட்டில், அதே கூட்டத்தின் இடது ஓரத்தில், பச்சைக் கொடி கட்டிய ஒரு பறவையைக் கிளெனிஸ் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஏ, கே வரைக்கும் தெரியும். கேமராவைத் தூக்கினால் தோள் நடுங்கும். மூன்றாவது எழுத்து படத்தில் பச்சைக் கஞ்சியாகக் கலங்கிப் போகும். குறிப்பேட்டில் நான்கு வரி, நான்கு புள்ளி. அந்தப் பறவையோடு அவள் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தாள். பேருந்து ஓட்டும்போது, பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில், அது இப்போது எந்தக் கடலுக்கு மேலே இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஐந்தாவது கோடையில் மல்லட் முனையில் படகுத்துறை கட்ட ஒரு நிறுவனம் வந்தது. அவர்களுடைய வல்லுநர் எழுதிய அறிக்கை நூற்றுப்பத்துப் பக்கம். ஜூன் மாதத்தில் ஒரு காலை, இரண்டு மணி நேரம், பறவைகள் திட்டில் கூடாத வற்றிய ஓதத்தில் எண்ணியிருக்கிறார்கள். ஜூனில் பறவைகள் மஞ்சள் கடலையும் தாண்டி அலாஸ்காவில் கூடு கட்டிக்கொண்டிருக்கும். விடுமுறை நாளில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் பிள்ளைகளே இல்லை என்று எழுதிய மாதிரி. வருகிற சில பறவைகளும் வேறு கரைகளிலிருந்து வழிதவறி வருபவை, வேறு கரைக்குப் போய்க்கொள்ளும் என்றும் அதில் இருந்தது. கிளெனிஸ் தன் குறிப்பேட்டை நகல் எடுத்து நகர மன்றத்துக்கு அனுப்பினாள். ‘தகுதிபெறாத ஒருவரின் குறிப்பு. கொடி எழுத்து முழுமையாக இல்லை. ஆதாரமாக ஏற்பதற்கில்லை’ என்று பதில் வந்தது. ஆதாரம் கேட்டதில் அவளுக்குக் கோபமே இல்லை. அதை அவளிடம் மட்டும் கேட்டார்களே, அதுதான் எரிந்தது.

பறவைகள் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. மூன்று எழுத்தும் தெரிகிற, ஆராய்ச்சியாளர்களின் பதிவேட்டில் சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு படம் கிடைத்தால் போதும். இந்தக் கரையில் கொடி கட்டிய பறவை இதே கரைக்குத்தான் திரும்பி வருகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.

குழுவுக்குச் சொந்தமான நீள லென்ஸ் ஒன்று உண்டு. முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். கிளெனிஸின் முறை சனிக்கிழமை. கேமராவோடு சேர்த்து மூன்று கிலோ. தோள் தாங்காது. முக்காலியை மூன்று கால் விரித்து, தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கவும் முடியாது. ஒரே கம்பமாக நிற்கிற ஒற்றைக்கால் தாங்கிதான் சரி. அது அவளிடம் இருந்தது. ஆனால் அதன் உச்சியில் வெறும் திருகாணி மட்டுமே துருத்திக்கொண்டு நின்றது. லென்ஸை நேராக அதில் முறுக்கினால், கீழே பார்க்கவும் மேலே பார்க்கவும் கம்பத்தையே சாய்க்கவேண்டும். சாய்த்த கம்பத்தின் பாரம் நேரே தோளில் வந்து விழும். கம்பம் நேராக நிற்க லென்ஸ் மட்டும் சாய்வதற்கு, உச்சியில் பொருத்துகிற ஒரு தலை வேண்டும்.

எந்தத் தலை என்பதை அவள் சமையலறையில் வைத்து முடிவுசெய்தாள். தோழி டல்சி உடன் இருந்தாள். டல்சி, மனிதரைவிட ஆடுகள் அதிகமான நியூஸிலாந்தில் பிறந்தவள். முப்பது வருஷமாக மல்லட் முனையில் மீனும் சிப்ஸும் பொரிக்கிறாள். கிளெனிஸ் லென்ஸின் நீளத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, அதன் நுனியில் உருளைக்கிழங்குப் பையைத் தொங்கவிட்டு, தராசில் வைத்துச் சரியாக மூன்று கிலோ ஆக்கியிருந்தாள்.

"இதென்னடி, பீரங்கியா?"

"லென்ஸுன்னு நெனச்சுக்கோ."

"நெனச்சுக்கலாம். உருளைக்கிழங்கப் பார்த்தா எண்ணெய வைக்கலாமான்னுதான் எனக்குத் தோணுது."

முதலில் குழுவில் ஒருவரிடம் இரவல் வாங்கிய உருண்டைத் தலை. கிண்ணத்துக்குள் ஓர் இரும்புப் பந்து. திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சுழலும். கிளெனிஸ் தளர்த்தினாள். உருளைக்கிழங்கு தலைகுப்புறச் சரிந்து அவள் விரலை நசுக்கியது.

"ஐயோ! பிடிடி!"

"நீதானே எல்லாப் பக்கமும் திரும்பணும்னு சொன்ன. திரும்பிடுச்சு."

ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் இறுக்கவேண்டிய தலை அது. இரண்டு நல்ல கை உள்ளவர்களுக்குச் சரி. அடுத்து, வீடியோ எடுப்பவர்கள் வைத்துக்கொள்கிற நீளக் கைப்பிடித் தலை. அசைவு வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் கைப்பிடி விலாவில் குத்தியது, கனம் வேறு. மூன்றாவது, முன்னும் பின்னும் மட்டுமே சாய்கிற தலை. ஒரே அச்சு, ஒரே திருகு. பக்கவாட்டில் திரும்பவேண்டுமென்றால் கம்பத்தையே சுழற்றிக்கொள்ளலாம், கால் ஒன்றுதானே. திருகு இடது பக்கம் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் இறுக்கி விட்டால், விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். கிளெனிஸ் ஒரு விரலால் மரக்கட்டையின் நுனியை அழுத்தினாள். அது தூக்கம் வருகிற தலை மாதிரி மெல்லக் குனிந்தது. விரலை எடுத்தாள். நின்றது.

"இதுதான்," என்றாள்.

"மத்ததெல்லாம் என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல. அதுங்க வேற யாரோட கைக்காகவோ செஞ்சது."

பொருத்தும் வேலையில் அவள் அவசரப்படவில்லை. கம்பத்தின் உச்சியில் இருந்த திருகாணிக்கு ஒரு முனை மெலிவு, ஒரு முனை தடிமன். தலையின் அடியில் இருந்த துளையோ பெரியது. திருகாணியின் பள்ளத்தில் காசின் விளிம்பை வைத்துத் திருப்பிக் கழற்றி, தடித்த முனை மேலே வரும்படி மாற்றிப் போட்டாள். பழைய சைக்கிள் டியூபில் வளையமாக ஒரு துண்டு வெட்டி நடுவில் வைத்தாள்; தோளில் போட்டு நடக்கும்போது லென்ஸின் கனமே தலையைக் கழற்றிவிடாமல் இருக்க. பிறகு முறுக்கினாள். தன் சின்னக் கேமராவின் அடியில் இருந்த தகட்டைக் கழற்றி மரக்கட்டையில் குறுக்காகத் திருகி, தலையின் மேலிருந்த கவ்வியில் மாட்டிப் பத்து முறை குனியவைத்தாள், பத்து முறை நிமிரவைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

டல்சி போகும்போது வாசலில் நின்று சொன்னாள். "இவ்வளவு பாடு எதுக்கு? நாலு வருஷமா அந்த ஒரே பறவையத்தான் பாக்குற. மூணாவது எழுத்து ‘ஹெச்’சுன்னு உன் மனசுக்கே தெரியும். எழுதிட்டுப் போயேன்."

"நீயும் அந்தப் படத்தப் பார்த்தியே, உனக்கு என்னன்னு தோணுச்சு?"

"எனக்கா? ‘எம்’ மாதிரி இருந்துச்சு."

"பாத்தியா? ரெண்டு பேரு, ரெண்டு எழுத்து. இதுக்குத்தான் புள்ளி."

"உன் பிடிவாதம் இருக்கே!"

"உங்க ஊர்ல ஆட்டைத் தவிர எதையும் எண்ணிப் பழக்கமில்ல. நீ போய்ப் படு."

சனிக்கிழமை காலை இன்னும் வெளிச்சம் முழுசாக விரியவில்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல். லென்ஸ் உறையிலிருந்து வெளியே வந்தது. அதன் வயிற்றடியில் பாதம் மாதிரி ஒரு தகடு. கிளெனிஸ் அதைக் கவ்வியில் செருகி, இறுக்கி, திட்டைப் பார்க்கத் திருகைத் தளர்த்தினாள். லென்ஸ் முன்னால் குனியவில்லை. பேருந்தில் தூங்கிவிழுகிற பயணியைப் போலப் பக்கவாட்டில் சாய்ந்து அவள் கன்னத்தில் இடித்தது.

கூட வந்திருந்த டல்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏண்டி, முத்தம் குடுக்குது!"

கிளெனிஸ் சிரிக்கவில்லை. ஒரு நொடியில் புரிந்துபோயிற்று. கேமராவின் அடித்தகடு குறுக்காக இருக்கும். லென்ஸின் பாதம் நீளவாக்கில் இருக்கும். அவள் மரக்கட்டையில் தகட்டைக் குறுக்காகத் திருகியிருந்தாள். கவ்வியைக் கால்வட்டம் திருப்பிப் போட்டிருக்கவேண்டும். இரண்டு நிமிஷ வேலை. அதற்கு ஆலன் கீ என்கிற அறுகோணத் திருகுச்சாவி வேண்டும். அது பேருந்தின் கருவிப்பெட்டியில், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் பணிமனையில் கிடந்தது. ஓதம் சில எட்டு தூரத்தில் பளபளத்தது.

"சோதனையெல்லாம் சரியாத்தான் செஞ்சேன்," என்றாள். "சோதிச்ச பொருள்தான் தப்பு."

"போயி எடுத்துட்டு வரட்டுமா?"

"நீ வர்றதுக்குள்ள திட்டே முழுகிடும்."

அவள் திட்டை ஒருமுறை அளந்து பார்த்தாள். இந்தத் தலை முன்னும் பின்னும் சாயாது. அதனால் என்ன? பறவை நிற்பது தட்டையான திட்டில். கண் அதே உயரத்தில் இருந்தால் குனியவும் வேண்டாம், நிமிரவும் வேண்டாம். டல்சி உட்காரக் கொண்டுவந்திருந்த சிப்ஸ் வாளியின் மூடியை வாங்கிச் சேற்றில் போட்டாள். தாங்கியை இடுப்பளவுக்குக் குறுக்கி, அந்த மூடியின்மேல் ஊன்றினாள். பிறகு, போட்டிருந்த கால்சட்டையோடு அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள். சேறு குளிர்ந்து, மெல்ல இடம்கொடுத்தது. மூடி ஒரு பக்கம் அமிழ்ந்து கம்பம் கோணியது. பக்கவாட்டுச் சாய்வை வைத்து லென்ஸை நேராக்கிக்கொண்டாள். இப்போது மூன்று கிலோவும் கம்பத்தில் இருந்தது. தோளில் ஒன்றுமே இல்லை.

"எவ்வளவு நேரம்டி?" டல்சி பின்னால் அலையாத்தி மறைவிலிருந்து கேட்டாள்.

"பேசாத."

கூட்டம் வந்து இறங்கியது. செங்கல் நிற மார்பும், லேசாக மேல்நோக்கி வளைந்த நீள அலகும். இடது ஓரத்தில் ஒரு பறவை நடந்துவந்தது. பச்சை. ஏ, கே. கிளெனிஸ் விரலைப் பொத்தானில் வைத்தாள். பறவை நின்றது. அலகை முதுகில் செருகியது. கொடி கட்டிய காலை மடக்கி வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டது. மற்ற காலில் நின்றபடியே தூங்கிப்போயிற்று.

அவளும் தாங்கியின் ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் வந்து அவள் தொடையைத் தொட்டது, பிறகு மடியில் ஏறியது. வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. எங்கும் எல்லை தெரியவில்லை. பறவைகள் தண்ணீரில் நிற்கின்றனவா வானத்தில் தொங்குகின்றனவா என்று பிரித்தறிய முடியாதபடி அவற்றின் நிழலும் அவையும் ஒன்றாகிக் கிடந்தன. நான்கு வருஷமாகத் தான் பேசிக்கொண்டிருந்த பறவை நாற்பது மீட்டர் தள்ளித் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். அது கனவு காணுமா? கண்டால் எதைக் காணும்? அவளுக்குத் தன் பழைய கனவு நினைவு வந்தது. முடிவில்லாத கொக்கிகள் காலியாக நகர்ந்து போகும், அவள் கை கீழேயே இருக்கும், யாரும் திட்டமாட்டார்கள். அந்தக் கனவில் அவள் எப்போதும் அழுதிருக்கிறாள். இன்று தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும்போது அது வெறும் கொக்கிகளாக, யாருடையதோ ஒரு காலமாக, மிதந்து போயிற்று. விரல் மட்டும் பொத்தானின் மேலேயே இருந்தது.

தண்ணீர் பறவையின் வயிற்றைத் தொட்டது. அது கண்ணைத் திறந்து, ஒருமுறை உதறிக்கொண்டு, திட்டின் உயர்ந்த பக்கத்துக்கு நகர்வதற்காக மடக்கிய காலைக் கீழே வைத்தது. பொத்தான் பதினொரு முறை சொடுக்கியது.

கரைக்கு வந்ததும் கழுத்துவரை சேறாக இருந்தவளைத் துண்டால் போர்த்திவிட்டு டல்சி திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்பது படம் வீண். இரண்டு படத்தில் எழுத்துகள் அச்சடித்த மாதிரி நின்றன. ஏ. கே. மூன்றாவது, ‘எக்ஸ்’.

‘ஹெச்’ இல்லை. ‘எம்’மும் இல்லை.

டல்சி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "அப்ப நாலு வருஷமா பார்த்தது?" என்றாள்.

"இதாவும் இருக்கலாம். வேறொண்ணாவும் இருக்கலாம். நாலு வருஷமும் நாலு பறவையாக்கூட இருக்கலாம்."

சொல்லும்போது கிளெனிஸின் குரல் கொஞ்சம் கீழே போயிற்று. மனதுக்குள் அத்தனை நாள் பேசியது யாரிடம்? ஒருவேளை அப்படி ஒரு தனிப் பறவை இருந்ததே இல்லை. இருபத்தாறு கொடிகளில் எதுவோ ஒன்று, அன்றன்றைக்கு ஓரத்தில் வந்து நின்றிருக்கிறது. துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் திட்டைப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எல்லாவற்றிடமும்தான் பேசியிருக்கிறோம் போல என்று தோன்றியது. அதில் அவளுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லவேளை, நான் சொன்னப்பவே நீ ‘ஹெச்’சுன்னு எழுதல," என்றாள் டல்சி. பிறகு, விட மனமில்லாமல், "ஆனா இப்ப ‘எக்ஸ்’சுன்னு தெரிஞ்சுபோச்சே. பழைய நாலு புள்ளியிலயும் அதையே போட்டுட்டா அஞ்சு வருஷக் கணக்கு ஆயிடும். எவன் வந்து கேக்கப்போறான்?"

"நான் கேப்பேன்."

மன்றத்துக்கு அவள் அனுப்பியது இரண்டு படம், ஒரு வரி. அந்த எழுத்துகள் கொண்ட கொடி ஐந்து வருஷத்துக்கு முன் மல்லட் முனையிலேயே கட்டப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்களின் பதிவேடு உறுதிசெய்தது. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். நிறுவனத்தின் வல்லுநர் இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"மேடம், உங்க பழைய குறிப்புல இருக்கறதும் இதே பறவைதானா?"

"தெரியாது."

"தெரியாதா?"

"படிக்க முடியல. அதனால புள்ளி வெச்சேன். படிச்சது ஒண்ணுதான். அது இங்கயே கொடி கட்டின பறவை. வழிதவறி வந்தது இல்ல, வீட்டுக்கு வந்தது." அவள் அறிக்கையைத் தூக்கிக் காட்டினாள். "நூத்திப்பத்துப் பக்கம் ராத்திரியெல்லாம் முழிச்சுப் படிச்சேன் தம்பி. எனக்குத் தெரியாத இடத்துல நான் புள்ளி வெச்சிருக்கேன். இதுல ஒரு இடத்துலயாவது புள்ளி இருக்கா? ஜூன் மாசத்துல ரெண்டு மணி நேரம் எண்ணிட்டு எல்லாமே தெரிஞ்சுபோச்சா?"

அவர் தாளைப் புரட்டினார். மன்றத் தலைவி, எண்ணிய மாதம் ஜூன்தானா என்று அவரிடமே கேட்டார். ஜூன்தான் என்று அவர் சொன்னார், பொய் சொல்லவில்லை. வாக்கெடுப்பு ஆறுக்கு ஐந்து. செப்டம்பரிலிருந்து மார்ச்வரை, முழு ஓதத்தில், ஒரு கோடை முழுக்க எண்ணி முடித்த பிறகே படகுத்துறை பற்றிப் பேசுவது என்று தீர்மானம் ஆயிற்று.

வெளியே தெருவில் உப்புக்காற்று வந்து மோதியது. டல்சி அவளுடைய நல்ல கையைக் கோத்துக்கொண்டாள்.

"அப்ப ஜெயிச்சுட்டோமா?"

"இல்ல. தள்ளிப் போட்டிருக்கோம்."

"அது போதுமாடி?"

கிளெனிஸ் யோசித்தாள். வடக்கே கடலுக்கு மேல் ஒரு மேகக்கோடு மெலிந்துகொண்டே போனது.

"ஒரு கோடைக்குப் போதும்," என்றாள்.